பார்சல் வந்துவிட்டது, பணம் போய்விட்டது: இனி என்ன செய்வது?

வாசகி கேள்வி:

தென்காசி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் பார்த்து இரண்டு சுங்குடிச் சேலைகள் வாங்கினேன். ஒரு வாரமாகியும் வரவில்லை. சனிக்கிழமை மதியம் அந்த கூரியர் கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி எடுத்துப் பேசினேன். டிராக்கிங் நம்பரைக் கேட்டார்கள். "உங்கள் பின்கோடு தவறாக இருக்கிறது மேடம், பார்சல் மதுரையில் நிற்கிறது, 5 ரூபாய் கட்டினால் நாளை வந்துவிடும்" என்றார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பினார்கள். அதை இன்ஸ்டால் செய்து, டெபிட் கார்டு விவரத்தைப் பதிந்தேன். பணம் கட்ட முடியவில்லை என்று வந்தது. சரி, நெட்வொர்க் பிரச்சினை என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு விடியற்காலையில் 19,999, 19,999, 8,500 என்று மூன்று முறை பணம் போயிருந்தது. நான் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. திங்கள் காலை வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்தேன். "சைபர் கிரைமுக்குப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை இன்னொரு 4,000 போனது. செவ்வாய்க்கிழமைதான் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசினேன். புதன்கிழமை சேலைகள் ஒழுங்காக வந்து சேர்ந்தன!

பணம் திரும்பக் கிடைக்குமா? என் பார்சல் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இனி ஆன்லைனில் எதையும் வாங்கக் கூடாது என்கிறார் என் கணவர். "படித்தவள் இப்படியா ஏமாறுவாய்" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன் அவசரமாக ஒன்று. அந்த வாட்ஸ்அப் ஃபைலை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அது இன்னும் உங்கள் போனில் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அந்த வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பியவரின் எண், நீங்கள் பேசிய அழைப்பின் தேதியும் நேரமும், வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்கள் எல்லாவற்றையும் இன்னொரு போனால் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எதையும் அழிக்காதீர்கள், அவைதான் உங்கள் சாட்சிகள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் போனைப் பார்க்க வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அதன் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் போல ஆக்கிவிடுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். இந்த வகை ஆப்கள் பலவும் திரையில் தங்கள் ஐகானை மறைத்துக்கொள்ளும். நீக்கிவிட்டோம் என்று நினைப்போம், அது உள்ளே இருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள். பழைய டெபிட் கார்டு முடக்கப்பட்டதா என்பதை வங்கியில் மறுபடியும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி, ஓடிபி சொல்லாமலே பணம் எப்படிப் போனது என்பதைச் சொல்கிறேன். அவர்கள் அனுப்பியது ஏபிகே என்கிற வகை ஃபைல். ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றுவதற்கான ஃபைல் அது. இன்ஸ்டால் ஆகும்போது "எஸ்எம்எஸ் படிக்க அனுமதி" என்று ஒன்று கேட்டிருக்கும், நீங்களும் சரி என்று அழுத்தியிருப்பீர்கள். அந்த நிமிடத்திலிருந்து உங்களுக்கு வரும் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் அவர்களுக்கும் போகும். கார்டு எண், காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்க எண் மூன்றையும் அந்த 5 ரூபாய்ப் பக்கத்தில் நீங்களே பதிந்துவிட்டீர்கள். மிச்சம் தேவைப்பட்டது ஓடிபி மட்டும். அதை அந்த ஆப் எடுத்துக் கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும். "பணம் கட்ட முடியவில்லை" என்று காட்டியதும் அந்த நாடகத்தில் ஒரு பகுதிதான். 5 ரூபாய் அவர்களுக்குத் தேவையே இல்லை. உங்களைக் கார்டு எண்ணைத் தட்ட வைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். யாரும் யோசிக்காமல் கட்டுகிற தொகை என்பதால்தான் 2 ரூபாய், 5 ரூபாய், 25 ரூபாய் என்று கேட்கிறார்கள். விடியற்காலையில் எடுத்ததும் தற்செயல் அல்ல. தூக்கத்தில் எஸ்எம்எஸ் சத்தம் யாருக்கும் கேட்காது.

உங்கள் பார்சல் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? தெரியவே தெரியாது. கடிதத்தை நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். டிராக்கிங் நம்பரைக் கேட்டார்கள், நீங்கள் சொன்னீர்கள். அந்த எண்ணை கூரியர் தளத்தில் போட்டால் பார்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்துவிடும். "மதுரையில் நிற்கிறது" என்று அவர்கள் சொன்னதும் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிறார்கள் என்று நம்பிவிட்டோம். பின்கோடு தவறு என்பது சும்மா சேர்த்த கதை. இங்கே அவர்கள் உங்களைத் தேடி வரவில்லை, நீங்கள்தான் கூகுளில் தேடிப் போய் அவர்கள் எண்ணில் விழுந்தீர்கள். கூகுளில் பணம் கொடுத்து விளம்பரம் போடுவது, வரைபடத்தில் கம்பெனி பெயரில் தங்கள் எண்ணைச் சேர்த்துவிடுவது, பல தளங்களில் "கஸ்டமர் கேர்" என்று அதே எண்ணை எழுதி வைப்பது என்று அவர்களுக்குப் பல வழிகள் இருக்கின்றன. தேடலில் முதலாவதாக வருகிற எண்தான் உண்மையான எண் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எதையும் உங்கள் ஆர்டரிலிருந்து தொடங்குங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன், இந்தக் கடிதத்திலும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். பார்சல் வரவில்லையா, வாங்கிய ஆப்பைத் திறந்து அதிலுள்ள உதவிப் பகுதிக்குப் போங்கள். ஆப் இல்லையென்றால் விற்றவரிடம் கேளுங்கள், அவர்தான் கூரியரில் போட்டவர், அவரிடம்தான் ரசீது இருக்கிறது. கூரியர் கம்பெனியிடமே பேச வேண்டுமென்றால், அதன் தள முகவரியை நீங்களே தட்டிப் போய் அங்கிருக்கும் எண்ணை எடுங்கள். உங்களிடம் வருகிற எஸ்எம்எஸ், வருகிற போன் அழைப்பு, வருகிற லிங்க் எதிலிருந்தும் தொடங்காதீர்கள்.

அஞ்சல் துறை பெயரில் வருகிற எஸ்எம்எஸ் இதற்கு நல்ல உதாரணம். "உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, இரண்டு முறை கொடுக்க முயன்றோம், முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் இந்த லிங்க்கில் திருத்துங்கள்" என்று வரும். இது போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே அறிவித்திருக்கிறது. முகவரியைத் திருத்தச் சொல்லி இப்படி லிங்க் அனுப்பும் வழக்கம் அஞ்சல் துறைக்குக் கிடையாது. லட்சக்கணக்கான எண்களுக்கு ஒரே செய்தியைத் தட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு ஏதோ ஒரு பார்சலுக்காகக் காத்திருப்பவர் அதில் சில ஆயிரம் பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு அது தங்கள் பார்சலைப் பற்றியே வந்தது போலத் தோன்றும். சரி, உண்மையிலேயே ஸ்பீட் போஸ்டில் ஒன்று வரவேண்டியிருந்தால்? அதற்கு 13 எழுத்தெண் கொண்ட ஒரு டிராக்கிங் நம்பர் இருக்கும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் 9 இலக்கங்கள், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் ஐ, என் என்ற இரண்டு எழுத்துகள். அனுப்பியவரிடம் அதைக் கேட்டு வாங்கி, இந்தியாபோஸ்ட்.ஜிஓவி.இன் என்ற தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ஊர் தபால்காரரைக் கேளுங்கள், அவருக்கு உங்கள் தெருவே தெரியும்.

தள முகவரியைப் படிக்க ஒரு முறை இருக்கிறது, உங்கள் மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாம். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று பாருங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டி நிற்கும் பகுதிதான் தளத்தின் உண்மையான பெயர். அரசுத் தளமென்றால் அந்த இடத்தில் ஜிஓவி.இன் என்று முடிய வேண்டும். வங்கித் தளமென்றால், ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, பேங்க்.இன் என்று முடிய வேண்டும். முன்னால் எத்தனை தடவை "இந்தியாபோஸ்ட்" என்று எழுதியிருந்தாலும், முடிவு டாப், விஐபி, எக்ஸ்ஒய்இசட் என்று இருந்தால் அது வேறு யாருடைய தளமோ. எஸ்எம்எஸ் அனுப்பியவர் பெயரையும் பாருங்கள். வங்கியோ பெரிய நிறுவனமோ அனுப்பினால் பதிவு செய்யப்பட்ட எழுத்துப் பெயரில் வரும், 2025 முதல் அதன் கடைசியில் பி, எஸ், டி, ஜி என்று ஒரு எழுத்தும் சேர்ந்திருக்கும். சாதாரண 10 இலக்க மொபைல் எண்ணிலிருந்து "நாங்கள் அஞ்சல் துறை" என்று வந்தால் படிக்கவே வேண்டாம்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். வங்கியில் புகார்ப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், நம்பிக்கையைக் கூட்டிச் சொல்லவும் மாட்டேன், குறைத்துச் சொல்லவும் மாட்டேன். உங்கள் பணத்தை இரண்டு பங்காகப் பிரித்துப் பாருங்கள். திங்கள் காலை நீங்கள் கிளையில் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் போனது 48,498. அதற்குப் பிறகு போனது 4,000. இரண்டுக்கும் சட்டம் வேறு வேறு.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளரின் அனுமதி இல்லாமல் நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் எவ்வளவு நஷ்டத்தை ஏற்க வேண்டும் என்று அது வகுத்திருக்கிறது. வாடிக்கையாளரே ரகசிய விவரங்களைக் கொடுத்திருந்தாலும்கூட, வங்கிக்குத் தகவல் சொன்ன நேரம் வரைக்கும்தான் நஷ்டம் அவருடையது. சொன்ன பிறகு நடப்பதெல்லாம் வங்கியின் பொறுப்பு. நீங்கள் வந்து சொன்னதும் கிளை செய்திருக்க வேண்டிய முதல் வேலை கார்டை முடக்குவது. "சைபர் கிரைமுக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பியது அந்தக் கடமையைச் செய்யாமல் விட்டதாகும். அந்த 4,000 ரூபாயை வங்கி தந்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், சிறிய தொகைதானே என்று நினைக்காதீர்கள்.

எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு முத்திரையிட்ட நகல் வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றாலும் பரவாயில்லை. எந்த நேரத்தில், யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை எழுதி, அன்றைய சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி இன்றைக்கே வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தப் பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். புகாருக்கு ஒரு எண் கொடுக்க வேண்டியது வங்கியின் கடமை, அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

48,498 ரூபாயில்தான் சிக்கல். யாருடைய கவனக்குறைவும் இல்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே கிடையாது என்கிறது அதே சுற்றறிக்கை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போனதைத் திங்களன்றே சொல்லிவிட்டீர்கள், காலக்கெடுவில் பிழை இல்லை. ஆனால் கார்டு விவரத்தை நீங்களே பதிந்தீர்கள், ஆகவே கவனக்குறைவு உங்களுடையது என்று வங்கி சொல்லும். நீங்கள் சொல்ல வேண்டியது, ஓடிபியை யாருக்கும் கொடுக்கவில்லை, ஆப் வழியாகத் திருடப்பட்டது என்பது. வாடிக்கையாளர்மீது தவறு இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கியுடையது என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. கடிதத்தில் அந்த வரியைக் குறிப்பிடுங்கள். விடியற்காலை நேரத்தில், உங்கள் வழக்கத்துக்கு மாறாக அடுத்தடுத்து இரண்டு 19,999 போனபோது வங்கியின் கண்காணிப்பு ஏன் நிறுத்தவில்லை என்றும் கேளுங்கள். முழுத் தொகையும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. கேட்காமல் விட்டால் எதுவும் கிடைக்காது என்பது மட்டும் உறுதி.

வங்கி 30 நாளில் பதில் தரவில்லை, அல்லது தந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

போலீஸ் பக்கம் நடப்பது வேறு. 1930-க்கு நீங்கள் பேசியதும் உங்கள் புகார் ஒரு பொதுவான அமைப்புக்குள் போகிறது. வங்கிகள், வாலட் நிறுவனங்கள், ஆன்லைன் கடைகள் எல்லாம் அதில் இணைந்திருக்கின்றன. பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் அது இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அங்கிருந்து அடுத்த கணக்குக்குப் போயிருந்தால் அங்கே துரத்துவார்கள். இந்தக் கணக்குகள் பெரும்பாலும் கமிஷனுக்கு ஆசைப்பட்டு யாரோ வாடகைக்கு விட்ட கணக்குகள். ஒன்றிலிருந்து நாலாக, நாலிலிருந்து பத்தாகப் பிரித்து, ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். அதனால்தான் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அத்தனை முக்கியம். நீங்கள் செவ்வாய்க்கிழமை பேசியது தாமதம்தான், உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. கார்டில் போன பணம் பெரும்பாலும் ஏதோ ஒரு ஆன்லைன் கடையிலோ வாலட்டிலோதான் செலவாகியிருக்கும். எஸ்எம்எஸ்ஸில் அந்தக் கடையின் பெயர் இருக்கும். பொருள் அனுப்பப்படாமல் இருந்தால், வாங்கிய பரிசு கூப்பன் பயன்படுத்தப்படாமல் இருந்தால், அதை ரத்து செய்து பணத்தைத் திருப்ப முடியும். அந்தப் பெயரையும் பரிவர்த்தனை எண்ணையும் புகாரில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். போனில் சொன்னதோடு நிறுத்தாமல், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் முழுப் புகாரையும் பதிந்து, ஒப்புகை எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். ஏதாவது தொகை நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது தெரிந்தால், அதை விடுவிக்க நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டி வரலாம். போலீசே வழி சொல்வார்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பணம் இழந்தவர்களைக் குறிவைத்து இரண்டாவதாக ஒரு கூட்டம் வரும். "உங்கள் பணம் கண்டுபிடிக்கப்பட்டது, விடுவிக்க 2,000 ரூபாய் கட்டுங்கள்" என்று சைபர் கிரைம் அதிகாரி போலவோ வக்கீல் போலவோ பேசுவார்கள். சமூக வலைத்தளத்தில் உங்கள் நஷ்டத்தைப் பற்றிப் போன் நம்பரோடு எழுதியிருந்தால் உடனே நீக்குங்கள். இழந்த பணத்தைத் திருப்பித் தர போலீசும் ரிசர்வ் வங்கியும் ஒரு ரூபாய்கூடக் கேட்பதில்லை.

அடுத்து, உங்கள் வீட்டார் கேட்ட கேள்வி. படித்தவள் இப்படியா ஏமாறுவாய் என்றால், ஆமாம், படித்தவர்கள்தான் ஆன்லைனில் வாங்குகிறார்கள், படித்தவர்கள்தான் தாமதமானால் எண்ணைத் தேடிப் பேசுகிறார்கள். நான் பார்த்த புகார்களில் பேராசிரியர், மருத்துவர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் எல்லோரும் உண்டு. கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குற்றம் செய்தவன் எங்கோ இருக்க, வீட்டுக்குள் உங்களை நிறுத்தி விசாரிப்பது நியாயமில்லை. அதைவிடக் கெடுதல், திட்டு விழும் என்ற பயத்தில் அடுத்த முறை வீட்டில் ஒருவர் ஏமாந்தால் சொல்லாமல் மறைப்பார். மறைக்கிற அந்த மணி நேரங்களில்தான் பணம் கைமாறிப் போகிறது. உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

வீட்டு வாசலில் நடக்கும் ஏமாற்றுகளையும் உங்கள் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீங்கள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் கதவைத் திறப்பவர் வேறு ஒருவர். யாரும் ஆர்டர் செய்யாத பார்சல் ஒன்று உங்கள் பெயரில், சரியான முகவரியோடு, கேஷ் ஆன் டெலிவரியாக வரும். 399, 499 என்று தொகை இருக்கும். மருமகள் எதையோ வாங்கியிருப்பாள் என்று மாமியார் கொடுத்துவிடுவார். பிரித்தால் ஒரு பழைய துணியோ பிளாஸ்டிக் சாமானோ இருக்கும். இதற்கு வீட்டில் ஒரு வழக்கம் போதும்: வாங்கியவர் முன்கூட்டிச் சொல்லாத பார்சலுக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. கொண்டு வருகிறவரிடம் கோபப்பட வேண்டாம். அவர் பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆள், உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது. வேண்டாம் என்று சொன்னால் திருப்பி எடுத்துப் போய்விடுவார்.

திருப்பி எடுக்க மறுத்து, "கேன்சல் செய்ய ஓடிபி வேண்டும், உங்கள் போனுக்கு வந்திருக்கும், சொல்லுங்கள்" என்றால் உஷாராகுங்கள். இங்கே கொஞ்சம் குழப்பம் உண்டு, ஏனென்றால் விலை கூடிய பொருள்களுக்கு உண்மையான கம்பெனிகளும் வாசலில் ஓடிபி கேட்கிறார்கள். "ஓடிபியை யாருக்கும் சொல்லாதே" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் பெரியவர்கள் தடுமாறிப் போகிறார்கள். வித்தியாசம் அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே இருக்கிறது. ஓடிபி எண்ணை மட்டும் பார்க்காமல் முழு வரியையும் படிக்க வேண்டும். டெலிவரி ஓடிபி நீங்கள் வாங்கிய கடையிலிருந்து, அந்தப் பொருளின் பெயரோடு வரும். வங்கி ஓடிபியில் இவ்வளவு ரூபாய், இந்தக் கணக்கு என்று இருக்கும். ரூபாய் என்ற சொல் இருந்தால் வாயைத் திறக்கக் கூடாது. நீங்கள் ஆர்டரே செய்யாத பொருளுக்கு எந்த ஓடிபியும் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வகையில் போனில் பேசுவார்கள், "முகவரி உறுதி செய்ய இந்த எண்ணை டயல் செய்யுங்கள்" என்று ஸ்டார் 21 ஸ்டார் என்று தொடங்கும் ஒன்றைச் சொல்வார்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவர்கள் எண்ணுக்குத் திருப்பிவிடும் கட்டளை. தெரியாமல் அழுத்திவிட்டால் ##002# என்று டயல் செய்து ரத்து செய்யலாம். பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, மும்பை சுங்கத்தில் பிடித்திருக்கிறோம், வீடியோ அழைப்பில் வாருங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்று மிரட்டுவதும் இந்தக் குடும்பம்தான். அப்படி வீடியோவில் கைது செய்யும் முறை இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. பேச்சைக் கேட்டு முடிக்க வேண்டிய மரியாதைகூட அவர்களுக்குத் தேவையில்லை, வைத்துவிடுங்கள்.

இனி ஆன்லைனில் வாங்கலாமா? தாராளமாக வாங்குங்கள். உங்கள் விஷயத்தில் அந்தச் சேலைக்காரர் நேர்மையானவர், சொன்னபடி அனுப்பியிருக்கிறார். சின்னாளபட்டியிலும் மதுரையிலும் வீட்டிலிருந்தபடி விற்கிற எத்தனையோ பெண்கள் இன்ஸ்டாகிராமை நம்பித்தான் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களிடம் வாங்குவதை நிறுத்தினால் ஏமாற்றுக்காரனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. தெரியாத பக்கமென்றால் கொஞ்சம் விசாரித்து வாங்குங்கள். இன்ஸ்டாகிராமில் அந்தக் கணக்கின் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு "இந்தக் கணக்கைப் பற்றி" என்பதைத் திறந்தால் அது எந்த மாதம் தொடங்கப்பட்டது, எந்த நாட்டிலிருந்து என்று காட்டும். முன்பு எத்தனை முறை பெயர் மாற்றியது என்பதும் பல கணக்குகளுக்குத் தெரியும். காஞ்சிபுரம் பட்டு என்று போட்டிருக்கும், கணக்கு போன மாதம் தொடங்கியதாக இருக்கும், அதற்குள் வேறு இரண்டு பெயர்கள் மாறியிருக்கும். அப்படிப்பட்டதை விட்டு நகருங்கள். கமெண்ட் போட முடியாமல் மூடி வைத்திருப்பதும் நல்ல அறிகுறி இல்லை. ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் அரசின் ஜிஎஸ்டி தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். 15 எழுத்தெண் இருக்கும், தமிழ்நாட்டு வியாபாரி என்றால் 33 என்று தொடங்கும். சிறு வியாபாரிகள் பலருக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படுவதில்லை, அதனால் எண் இல்லை என்பதற்காகவே ஒருவரைச் சந்தேகிக்க வேண்டாம். முதல் முறை ஒரே ஒரு சேலை வாங்கிப் பாருங்கள். பிரிக்கும்போது, மேலே ஒட்டியிருக்கும் லேபிள் தெரிய ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுங்கள். நேர்மையான விற்பனையாளர்களே அதைக் கேட்கிறார்கள்.

தீபாவளி நெருங்கும்போது ஒன்றை மட்டும் முற்றாகத் தவிர்க்கச் சொல்வேன்: ஆன்லைன் பட்டாசு. "சிவகாசி விலை, 80 சதவீதம் தள்ளுபடி" என்று வரும் தளங்களில் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுதோறும் ஏராளமானோர் புலம்புகிறார்கள். தமிழ்நாடு சைபர் குற்றப் பிரிவு இதைப் பற்றி எச்சரிக்கையும் விட்டிருக்கிறது. ஆன்லைன் வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. தென்காசியிலிருந்து சிவகாசி எவ்வளவு தூரம்? நேரில் போய் வாங்குங்கள், பிள்ளைகளுக்கும் ஒரு நாள் கொண்டாட்டமாக இருக்கும்.

பொருள் வந்து, அது மட்டமாக இருந்தால் அது வேறு வழக்கு, சைபர் கிரைமுக்குப் போக வேண்டியதில்லை. 1915 என்பது தேசிய நுகர்வோர் உதவி எண். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஆன்லைன் கடை தன் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலர் விவரங்களைக் காட்ட வேண்டும், புகாரை 48 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

கடைசியாக உங்கள் வங்கிக் கணக்கு. சம்பளக் கணக்கின் கார்டை ஆன்லைனில் பயன்படுத்தாதீர்கள். வேறு ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, அதில் சில ஆயிரங்களை மட்டும் வைத்து, யுபிஐயையும் கார்டையும் அதோடு இணைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தாலும் இழப்பு அந்தச் சில ஆயிரங்களோடு நிற்கும். புதிய டெபிட் கார்டு வந்ததும் வங்கி ஆப்பில் அதன் ஆன்லைன் பயன்பாட்டை அணைத்து வையுங்கள், வெளிநாட்டுப் பயன்பாட்டையும்தான். வாங்கும்போது திறந்து, வாங்கியதும் மூடலாம். உங்கள் போனின் அமைப்புகளில் "தெரியாத ஆப்களை நிறுவுதல்" என்ற பகுதியில் வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். மாமியாரின் போனிலும் இதைச் செய்துவிட்டு, 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் சேமித்துக் கொடுங்கள். வங்கிக்கு எழுத வேண்டிய மின்னஞ்சலை இன்றைக்கே அனுப்புங்கள். பதில் வந்ததும், வராமல் 30 நாள் கடந்தாலும், எனக்கு மறுபடி எழுதுங்கள். ஓம்பட்ஸ்மனுக்கு எப்படி எழுதுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.